சென்னை புத்தகக் கண்காட்சி நிர்வாகச் சர்ச்சைகள்

சென்னை புத்தகக் கண்காட்சி நிர்வாகச் சர்ச்சைகள் என்பது, தென்னிந்திய புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் (சுருக்கமாக பபாசி) ஆண்டுதோறும் பொதுமக்களுக்காக நடத்தும் சென்னை புத்தகக் கண்காட்சியில் அரங்கு ஒதுக்கீடு, தள்ளுபடி, இடத்தேர்வு, நூல்களின் உள்ளடக்கம், மேடை நிகழ்ச்சிகள் ஆகியவை குறித்து எழுந்த கருத்து வேறுபாடுகளைக் குறிக்கும். பபாசி ஒரு வணிகர் சங்கம் ஆகும். அதன் உறுப்பினர்கள் நூல்களை வெளியிடுபவர்களும் விற்பவர்களும் ஆவர். சங்கமே கண்காட்சியின் அமைப்பாளராகவும், அரங்குகளை வாடகைக்கு விடுவதாகவும், விதிகளை வகுத்து நடைமுறைப்படுத்துவதாகவும் உள்ளது. இச்சர்ச்சைகளுள் பெரும்பாலானவை இந்தப் பல பொறுப்புகள் ஓரிடத்தில் சேர்வதிலிருந்து தோன்றுபவை எனலாம்.

வணிகக் கண்காட்சியும் நுகர்வோர் கண்காட்சியும்

கண்காட்சிகளைப் பொதுவாக இரு வகையாகப் பிரிப்பர். வணிகக் கண்காட்சி என்பது ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் தமக்குள் சந்திக்கும் இடம் ஆகும். உற்பத்தியாளர் தம் பொருளைக் காட்டுவார். முகவரும் நிறுவனங்களும் கொள்முதல் குறித்துப் பேசுவர். பொதுமக்கள் இதில் முதன்மைப் பார்வையாளர்கள் அல்லர். சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடத்தும் 'அக்மி' இயந்திரக் கருவிக் கண்காட்சி இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகும்.

நுகர்வோர் கண்காட்சியில் நுழைவோர் பொதுமக்கள். பொருள்கள் அங்கேயே சில்லறையாக விற்கப்படுகின்றன. சென்னை புத்தகக் கண்காட்சி இவ்வகையைச் சேர்ந்தது.

ஒரு வணிகர் சங்கம் முதல் வகைக் கண்காட்சியை நடத்தும்போது பெரிய முரண்பாடு எழுவதில்லை. உறுப்பினர்களின் பொதுநலனுக்காகச் சங்கம் வாங்குவோரை வரவழைக்கிறது. விற்பனை பின்னர் அவரவர் இடத்தில் நடக்கிறது. நுகர்வோர் கண்காட்சியில் நிலைமை வேறு. வாயிலுக்கு அருகில் உள்ள அரங்கும் கடைசி வரிசையில் உள்ள அரங்கும் ஒரே விற்பனையைப் பெறுவதில்லை. எனவே ஒவ்வோர் ஒதுக்கீடும் ஓர் உறுப்பினருக்கு வரவாகவும் மற்றோர் உறுப்பினருக்கு இழப்பாகவும் அமைகிறது. மேலும், வாசகர் நலன் என்ற மூன்றாவது தரப்பும் வந்து சேர்கிறது.

உலகின் பல தொழில்களில் இதே காரணத்தால் இரு வகைகளும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் ஆழ்கடல் முக்குளிப்புக் கருவித் துறையின் சங்கமான 'டெமா' நடத்தும் ஆண்டுக் கண்காட்சி தொழில்துறையினருக்கு மட்டும் உரியது. பொதுமக்களுக்கான முக்குளிப்புக் கண்காட்சிகளைப் பெரும்பாலும் முக்குளிப்போர் கழகங்களும் தனி அமைப்பாளர்களும் நடத்தி வந்துள்ளனர். செருமனியின் பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சி அந்நாட்டுப் புத்தக வணிகர் சங்கத்தின் துணை நிறுவனத்தால் நடத்தப்படுகிறது. அதில் வணிகர்களுக்கான நாட்களும் பொதுமக்களுக்கான நாட்களும் வேறுபடுத்தப்படுகின்றன.

வரலாறு

பபாசி 1976 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் கண்காட்சி 1977 டிசம்பரில் சென்னை அண்ணா சாலையில் உள்ள மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் நடைபெற்றது. அதில் 22 அரங்குகளே இருந்தன; ஆங்கில நூல்களும் பாடநூல்களுமே மிகுந்திருந்தன. பின்னர் தமிழ்ப் பதிப்பகங்களின் பங்கு படிப்படியாக வளர்ந்து, பொங்கலை ஒட்டி நடைபெறும் இக்கண்காட்சி தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுச் சுழற்சியையே தீர்மானிக்கும் நிகழ்வானது. புதிய நூல்களில் பெரும்பகுதி டிசம்பர், சனவரி மாதங்களில் வெளியிடப்படுவதற்கு இதுவே காரணமாகும். 2022 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் ஏறத்தாழ 800 அரங்குகள் அமைக்கப்பட்டன.

கண்காட்சி நடைபெற்ற முக்கிய இடங்கள் வருமாறு:

- 1977: மதரசா-இ-ஆசம் பள்ளி, அண்ணா சாலை
- பின்னர் 2006 வரை பல ஆண்டுகள்: காயிதே மில்லத் மகளிர் கல்லூரி, அண்ணா சாலை
- 2007 முதல் 2012 வரை: புனித சார்ச்சு ஆங்கிலோ இந்தியன் பள்ளி, பூந்தமல்லி நெடுஞ்சாலை
- 2013 முதல் 2015 வரை: ஒய்.எம்.சி.ஏ. திடல், நந்தனம்
- 2016 (சூன்): தீவுத்திடல்
- 2017, 2018: மீண்டும் புனித சார்ச்சு பள்ளி
- 2019 முதல்: ஒய்.எம்.சி.ஏ. திடல், நந்தனம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பதிப்பகங்கள் இருப்பில் இருந்த நூல்களை இழந்தன. அதனால் 2016 சனவரியில் நடைபெற வேண்டிய 39 ஆவது கண்காட்சி சூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. கொரோனா பெருந்தொற்றினால் 2021 ஆம் ஆண்டுக் கண்காட்சி பிப்ரவரி 24 அன்றும், 2022 ஆம் ஆண்டுக் கண்காட்சி பிப்ரவரி 16 அன்றும் தொடங்கின. 48 ஆவது கண்காட்சி வழக்கத்துக்கு முன்னதாக 2024 டிசம்பர் 27 அன்று தொடங்கி 2025 சனவரி 12 வரை நடைபெற்றது.

அரங்கு ஒதுக்கீடு

கண்காட்சித் திடலில் இடம் வரம்புக்குட்பட்டது, விண்ணப்பிப்போரோ மிகுதி. சங்க உறுப்பினர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது. வரிசையும் எண்ணும் குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படுவது வழக்கம். ஒற்றை அரங்கு, இரட்டை அரங்கு, அதனினும் பெரிய அரங்கு என வகைகள் உள்ளன.

இதில் எழும் முறையீடுகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, உறுப்பினர் அல்லாதோர் நிலை. ஓரிரண்டு நூல்களை மட்டும் வெளியிட்ட சிறு பதிப்பகமோ, சிற்றிதழோ, ஓர் இயக்கமோ சங்கத்தில் இல்லாவிடின் அதற்குத் தனி அரங்கு கிடைப்பது அரிது. கண்காட்சியில் இடமில்லாத நூல் அவ்வாண்டின் முக்கிய விற்பனைக் காலத்தையே இழக்கிறது. அத்தகையோர் பெரும்பாலும் வேறொருவரின் அரங்கில் நூல்களை வைத்து, விற்றதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட வேண்டியுள்ளது.

இரண்டாவது, பதிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான வேறுபாடு. சங்கத்தின் பெயரிலேயே இரு தரப்பும் உள்ளன. விற்பனையாளர் பல பதிப்பகங்களின் நூல்களை ஓர் அரங்கில் வைக்கிறார். அதனால் ஒரே நூல் அதை வெளியிட்டவரின் அரங்கிலும் வேறு பல அரங்குகளிலும் கிடைக்கிறது. வாசகருக்கு இது வசதி. பதிப்பாளருக்கோ, வாடகை கொடுத்துத் தனி அரங்கு எடுத்ததன் பயன் குறைகிறது. மறுபுறம், இவ்விற்பனையாளர்கள் இல்லையெனில் சிறு பதிப்பகங்களின் நூல்கள் கண்காட்சிக்குள் வரவே இயலாது.

மூன்றாவது, நிருவாகிகளும் போட்டியாளர்களே என்பது. சங்கத்தின் பொறுப்பாளர்கள் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்களும் பதிப்பகமோ விற்பனை நிலையமோ நடத்துபவர்கள். ஒதுக்கீடு நேர்மையாகவே நடந்தாலும், நல்ல இடம் கிடைக்காதவருக்கு ஐயம் எழும் வாய்ப்பு இவ்வமைப்பில் எப்போதும் உண்டு. குலுக்கல் முறை இந்த ஐயத்தைக் குறைப்பதற்கான ஒரு வழியாகும். ஆயினும் யார் குலுக்கலில் சேர்க்கப்படுவர் என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதில்லை.

தள்ளுபடியும் கட்டணமும்

கண்காட்சியில் வாங்கும் நூல்களுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி அளிப்பது நீண்டகால வழக்கமாகும். எல்லா அரங்குகளிலும் ஒரே அளவு தள்ளுபடி இருப்பதால், பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்துச் சிறியவற்றின் விற்பனையைப் பறிப்பது தடுக்கப்படுகிறது. அதேவேளை, போட்டியாளர்கள் ஒன்றுகூடி விலைக் கழிவை முடிவு செய்வது முறையா என்ற வினாவும் இதில் அடங்கியுள்ளது.

ஆண்டு முழுவதும் கடை நடத்தும் சிறு புத்தக விற்பனையாளருக்கு வேறொரு சிக்கல் உண்டு. வாசகர் பலர் டிசம்பரில் வாங்க வேண்டிய நூலைக் கண்காட்சிக்காகத் தள்ளிவைக்கின்றனர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற பகுதிகளில் பாடநூல் அல்லாத தமிழ் நூல்களுக்கான கடைகள் குறைவாக இருப்பதனால், அங்குள்ள வாசகரின் ஆண்டுக் கொள்முதல் முழுவதும் இரண்டு வாரங்களுக்குள் அடங்கிவிடுவது இயல்பு. கண்காட்சி வளர்வது புத்தகக் கடைகள் வளர்வதற்கு உதவுகிறதா, தடையாகிறதா என்பது பதிப்புலகில் தொடர்ந்து விவாதிக்கப்படும் பொருளாகும்.

நுழைவுக் கட்டணமும் விவாதத்துக்கு உள்ளானது. பெரியவர்களுக்குப் பல ஆண்டுகள் 10 ரூபாய் கட்டணம் வசூலிக்கப்பட்டது. திடல் வாடகை, பந்தல், மின்சாரம், பாதுகாப்பு ஆகியவற்றின் செலவை ஈடுசெய்ய இது தேவை என்பது ஒரு தரப்பு. புத்தகம் வாங்க வருவோரிடம் வாயிலிலேயே பணம் கேட்பது பொருந்தாது என்பது மறுதரப்பு.

இடம் குறித்த சிக்கல்

பபாசிக்குச் சொந்தமான கண்காட்சி வளாகம் கிடையாது. பள்ளி, கல்லூரித் திடல்களை வாடகைக்குப் பெற்று, தற்காலிகப் பந்தல் அமைத்தே கண்காட்சி நடத்தப்படுகிறது. கழிவறை, குடிநீர், காற்றோட்டம், தரை விரிப்பு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவை குறித்து ஆண்டுதோறும் வரும் குறைகளுக்கு இதுவே அடிப்படையாகும். 2024 சனவரியில் மழை காரணமாகக் கண்காட்சி ஒரு நாள் மூடப்பட்டது.

இடமாற்றம் வாசகரின் பயணத்தையும் மாற்றுகிறது. புனித சார்ச்சு பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே அமைந்திருந்ததால் மேற்குப் புறநகர் வாசகர்கள் நேரடியாகப் பேருந்தில் வர முடிந்தது. நந்தனம் தென்சென்னையினருக்கு அண்மையானது. ஆவடி, அம்பத்தூர் பகுதியினர் புறநகர் தொடர்வண்டியில் சென்னை சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோ வண்டியில் நந்தனம் செல்லலாம். சென்ட்ரலையும் நந்தனத்தையும் இணைக்கும் மெட்ரோ பாதை 2019 பிப்ரவரியில் முழுமை பெற்றது.

நிலையான வளாகம் வேண்டும் என்பது பபாசியின் நெடுநாள் கோரிக்கை. 2022 தொடக்க விழாவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், சென்னையில் புத்தகப் பூங்கா அமைப்பதற்கு அரசு இடம் வழங்கும் என அறிவித்தார்.

அரசுடனான உறவு

2007 ஆம் ஆண்டு 30 ஆவது கண்காட்சியை ஒட்டி அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி தம் சொந்த நிதியிலிருந்து 1 கோடி ரூபாயைப் பபாசிக்கு வழங்கினார். அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஆறு எழுத்தாளர்களுக்குத் தலா 1 இலட்சம் ரூபாய் கலைஞர் பொற்கிழி விருது வழங்கப்படுகிறது. 2020 ஆம் ஆண்டு 43 ஆவது கண்காட்சியைத் தொடங்கி வைத்த அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி, கண்காட்சிக்கு ஆண்டுதோறும் 75 இலட்சம் ரூபாய் அரசு நிதி வழங்கப்படும் என அறிவித்தார்.

இவ்வுதவிகள் கண்காட்சியின் செலவைக் குறைக்கின்றன. அதேவேளை, இடத்துக்கும் நிதிக்கும் அரசை எதிர்நோக்கும் ஒரு சங்கம் அரசை விமர்சிக்கும் நூலை எவ்வாறு நடத்தும் என்ற வினாவையும் எழுப்புகின்றன.

2020 ஆம் ஆண்டு அரங்கு நீக்கம்

இவ்வினா அதே 2020 கண்காட்சியில் நேரடியாக எழுந்தது. 'மக்கள் செய்தி மையம்' என்ற அமைப்பின் அரங்கில், அன்றைய மாநில அரசின் மீது ஊழல் குற்றச்சாட்டுகளைக் கூறும் நூல்கள் வைக்கப்பட்டிருந்தன. அரசுக்கு எதிரான நூல்களை விற்பது கண்காட்சி விதிகளுக்கு முரணானது எனக் கூறி, அரங்கைக் காலி செய்யுமாறு பபாசி கடிதம் அளித்தது. இதனைத் தொடர்ந்து ஏற்பட்ட தகராற்றில் பபாசி தரப்பின் முறைப்பாட்டின் பேரில் அவ்வரங்கை நடத்திய இதழாளர் 2020 சனவரி 12 அன்று கைது செய்யப்பட்டார்.

எழுத்தாளர்களும் இதழாளர் அமைப்புகளும் இதனைக் கண்டித்தனர். எழுத்தாளரும் மதுரை நாடாளுமன்ற உறுப்பினருமான சு. வெங்கடேசன் கண்காட்சி மேடையிலேயே தம் கண்டனத்தைத் தெரிவித்தார். தடை செய்யப்படாத ஒரு நூலை விற்கக் கூடாது எனத் தீர்மானிக்கும் அதிகாரம் வணிகர் சங்கத்துக்கு உண்டா என்பதே கண்டனங்களின் மையமாக இருந்தது. ஒரு நூலைத் தடை செய்வதற்குச் சட்டத்தில் தனி நடைமுறை உண்டு. அதற்குக் காரணம் கூறப்பட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் முறையிடவும் வழி உண்டு. வாடகை விதியின் மூலம் ஒரு நூல் வெளியேற்றப்படும்போது இந்தப் பாதுகாப்புகள் எவையும் கிடைப்பதில்லை.

2025 ஆம் ஆண்டு மேடை சர்ச்சை

2025 சனவரியில் 48 ஆவது கண்காட்சியின்போது, பதிப்பகம் ஒன்றின் நூல் வெளியீட்டு நிகழ்ச்சியில் நாம் தமிழர் கட்சியின் தலைமை ஒருங்கிணைப்பாளர் சீமான் உரையாற்றினார். நிகழ்ச்சியில் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலான தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மாற்றாக, புதுச்சேரியில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்படும் பாரதிதாசன் பாடல் ஒலித்தது. அவரது உரையில் மாநில அரசு மீதான அரசியல் விமர்சனங்களும் இடம்பெற்றன. பபாசி இதற்கு வருத்தமும் கண்டனமும் தெரிவித்து, மேடை அரசியல் பரப்புரைக்குப் பயன்படுத்தப்பட்டது விதிமீறல் எனக் கூறியது.

2020, 2025 ஆகிய ஆண்டுகளில் மாநிலத்தில் ஆட்சி செய்த கட்சிகள் வெவ்வேறானவை. இரு நிகழ்வுகளும் தன்மையில் வேறுபட்டவை. முன்னது விற்பனைக்கு வைத்த நூலைப் பற்றியது, பின்னது மேடைப் பேச்சைப் பற்றியது. ஆயினும் இரண்டிலும் சங்கம் தன் விதியை மேற்கோள் காட்டியது என்பதும், விமர்சிக்கப்பட்டது அன்றைய அரசு என்பதும் குறிப்பிடத்தக்கவை.

பிற கண்காட்சிகளுடன் ஒப்பீடு

இந்தியாவில் புத்தகக் கண்காட்சிகளை நடத்துவோர் பல வகையினர்.

- அரசு அமைப்பு: புது தில்லி உலகப் புத்தகக் கண்காட்சி 1972 முதல் தேசிய புத்தக அறக்கட்டளையால் நடத்தப்படுகிறது.
- பொதுத்துறை நிறுவனம்: நெய்வேலி புத்தகக் கண்காட்சியை 1998 முதல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் நடத்தி வந்தது.
- பண்பாட்டு அமைப்பு: ஈரோடு புத்தகத் திருவிழா 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவையால் நடத்தப்படுகிறது.
- வேறு தொழிலின் சங்கம்: கோயம்புத்தூர் புத்தகத் திருவிழாவை அம்மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான 'கொடிசியா' தன் சொந்த வளாகத்தில் நடத்துகிறது.
- புத்தக வணிகர் சங்கம்: சென்னையில் பபாசி, கொல்கத்தாவில் பதிப்பாளர் மற்றும் புத்தக விற்பனையாளர் கில்டு.

நான்காவது வகை கவனிக்கத்தக்கது. கொடிசியா உறுப்பினர்கள் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் செய்பவர்கள். எந்தப் பதிப்பகத்துக்கு எந்த அரங்கு கிடைக்கிறது என்பதில் அவர்களுக்கு வணிக நலன் இல்லை.

கொல்கத்தா கண்காட்சி சென்னைக்கு மிக நெருங்கிய ஒப்புமை உடையது. 1976 இல் தொடங்கிய அது, மைதானத்தின் சுற்றுச்சூழல் குறித்த வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் 2007 இல் இடம்பெயர நேர்ந்தது. 2008 இல் பார்க் சர்க்கசில் நடத்த முயன்றதும் நீதிமன்றத் தடையால் நின்றுபோனது. 2025 கண்காட்சியை ஒட்டி, அரங்கு மறுக்கப்பட்ட அமைப்புகள் அதே நீதிமன்றத்தை நாடின.

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 2023 சனவரி 16 முதல் 18 வரை முதலாவது சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை நடத்தியது. மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பரிமாறிக்கொள்வதற்கான இது வணிக வகையைச் சார்ந்தது.

சட்ட நிலை

2002 ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3 ஆவது பிரிவு நிறுவனங்களின் சங்கங்கள் எடுக்கும் முடிவுகளுக்கும் பொருந்தும். 4 ஆவது பிரிவு சந்தையில் மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கண்காட்சித் துறையில் இதற்கு அறியப்பட்ட வழக்கு, இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனத்தின் மீது இந்தியக் கண்காட்சித் தொழில் சங்கம் தொடுத்ததாகும். தில்லி பிரகதி மைதானத்தின் உரிமையாளராகவும் அதே இடத்தில் கண்காட்சிகள் நடத்துபவராகவும் இருந்த அந்நிறுவனம், பிற அமைப்பாளர்களுக்குக் கடுமையான கால இடைவெளி விதித்தது என்பது முறையீடு. போட்டி ஆணையம் 2014 இல் 6.75 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 இல் அவ்வாணையை விலக்கியது.

கருத்துரிமையைப் பொருத்தவரை, அரசியலமைப்பின் 19 ஆவது உறுப்பு அரசுக்கு எதிரான பாதுகாப்பாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. கௌசல் கிசோர் வழக்கில் 2023 சனவரி 3 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, 19, 21 ஆவது உறுப்புகளின் உரிமைகளை அரசு அல்லாதோருக்கு எதிராகவும் கோரலாம் எனப் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

மதிப்பீடு

22 அரங்குகளில் தொடங்கிய ஒரு நிகழ்வைப் பல நூறு அரங்குகளாக வளர்த்தது பபாசியே. வெள்ளத்துக்கும் பெருந்தொற்றுக்கும் பின்னர் கண்காட்சியை மீண்டும் நடத்தியதும் அச்சங்கமே. பதிப்பாளர் கூட்டாக இடம் பிடித்து, செலவைப் பகிர்ந்திராவிடின் சிறு பதிப்பகங்கள் வாசகரை நேரில் சந்திக்கும் வாய்ப்பே அமைந்திராது. எனவே சங்கம் கண்காட்சியிலிருந்து விலக வேண்டும் என்ற கருத்துக்கு ஆதரவு குறைவு.

ஆனால் கண்காட்சி வளர்ந்ததனால் அது உறுப்பினர்களின் உள்விவகாரம் என்ற நிலையைக் கடந்துவிட்டது. அரசு நிதி பெறுவதும், தமிழ் நூல்களின் முதன்மைச் சந்தையாக விளங்குவதும் அதற்குப் பொதுத்தன்மையை அளித்துள்ளன. ஒதுக்கீட்டு விதிகளை முன்கூட்டியே வெளியிடுதல், முறையீடுகளைக் கேட்க அரங்கு எடுக்காத பொதுவானவர்களைக் கொண்ட குழு அமைத்தல், சட்டப்படி தடை செய்யப்படாத நூலை உள்ளடக்கம் கருதி வெளியேற்றாதிருத்தல் ஆகியவை இத்தகைய அமைப்புக்குப் பொருந்தும் வழிகளாகும். குறிப்பாக, அரங்கை இழப்பவருக்குக் காரணமும் மறுமொழி கூறும் வாய்ப்பும் அளிக்கப்படுவது முக்கியம். கண்காட்சி முடிந்த பின் கிடைக்கும் நீதியால் அவ்வாண்டு விற்காத நூல் விற்றுவிடாது.

இவற்றையும் பார்க்க

- கலைஞர் பொற்கிழி விருது
- ஈரோடு புத்தகத் திருவிழா
- கொல்கத்தா புத்தகக் கண்காட்சி
- இந்தியப் போட்டி ஆணையம்